கோட்டைக் காவலன் ஏன் பொய் சொன்னான்

கார்குழலி அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டபோது மணி பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை. பத்தேகாலிலிருந்து பத்தேமுக்கால் வரைக்கும் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் லைன் வீட்டில் பன்னிரண்டு குடித்தனத்துக்கும் தெரியும். கிழவனுக்கு அந்த நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும்.

"மாமா, இதப் புடி. நான் சொல்லிகினே வரேன். நீ பாத்துகினே வா. ஒரு வார்த்த தப்புனாலும் நிறுத்து."

"இங்கிலீசு எனுக்கு இன்னா தெரியும்?"

"தமிழ் எழுத்துல எய்தி வெச்சிக்கீறேன். தெனம் பேப்பர் படிக்கிறல்ல, அது மாதிரி படி."

பிரித்துப் பார்த்தேன். பச்சை மையில் இங்கிலீசு வரி. அதன் கீழே அதே சத்தம் தமிழ் எழுத்தில். அதற்கும் கீழே பென்சிலில் சின்னதாக அர்த்தம். நோட்டு முழுக்க இப்படியே இருந்தது.

குழலிக்கு முப்பத்து மூன்று வயது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. டிகிரி இருந்தால்தான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். தபாலில் இங்கிலீசு பி.ஏ. கட்டி, எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள். நாடகப் பேப்பர் ஒன்று மட்டும் நாலு தடவை போய்விட்டது. இந்தத் தடவையும் போனால் பழைய பாடம் செல்லாது, முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். எனக்கு இந்தப் பரீட்சை, சர்டிபிகேட் எதன் மேலும் நம்பிக்கை கிடையாது. சர்டிபிகேட் வைத்திருந்த எத்தனையோ பேர் பேசியதை, நான் வேலை பார்த்த ஹார்பரில் கேட்டிருக்கிறேன். ஆனால் அதை அவளிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஏனென்றால் அவள் அன்பரசன் மகள். அன்பரசன் என் தோஸ்து. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கப்பலின் வயிற்றுக்குள் நசுங்கிச் செத்தான். குடித்துவிட்டு, சொன்ன பேச்சைக் கேட்காமல், கிரேன் கொக்கிக்கு அடியில் போய்ச் செத்தான் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. அந்தக் கதையைச் சொன்னவன் நான். அது பொய்.

குழலி கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியை ஒப்பித்தாள். தமிழ் எழுத்தில் விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. பிறகு என் கண் தானாகக் கீழே பென்சில் எழுத்துக்குப் போயிற்று.

"கதவைச் சாத்தியது என் கை. என் கை என்னைக் கேட்கவில்லை."

சந்தில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மணி பத்தரை ஆகியிருந்தது.

பேய் பிசாசு எதையும் நான் நம்புகிறவன் இல்லை. சாமியையே பாதிதான் நம்புவேன். ஆனால் ஆழமாக எதற்குள் எட்டிப் பார்த்தாலும் அன்பரசன் அடியில் நிற்கிறான். முகத்தைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறான். ராயபுரம் ரயில்வே பாலத்தின் மேலிருந்து தண்டவாளத்தைப் பார்த்தால் நிற்கிறான். என் மகன் அத்திப்பட்டில் வீடு கட்டக் கிணறு வெட்டியபோது எல்லோரும் குனிந்து தண்ணீர் வந்ததைப் பார்த்தார்கள். நான் பார்த்தது வேறு. பகலில்தான் வருவான், அதுவும் அந்தப் பத்தரை மணியை ஒட்டித்தான். கோபமாக இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். கோபமே இருக்காது. என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அடுத்து என்ன செய்யச் சொல்லப் போகிறேன் என்று.

"மாமா, தூங்கிட்டியா?"

"இல்ல. சரியா சொன்ன. அடுத்தது."

அப்படித்தான் ஆரம்பித்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. தினம் சாயந்திரம் ஆறு மணிக்கு வேலை விட்டு வந்ததும் என் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அவள் அம்மா கன்னியம்மா எதிர் வீட்டு வாசலில் மீதி மீனை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கன்னியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. காசிமேட்டில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, கல்மண்டபம் பக்கம் கூடை வைத்து விற்கிறவள். புருஷன் செத்த மாதத்திலேயே கூடையைத் தூக்கினாள். வாரிசு வேலை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டியது. குடித்துவிட்டு விதியை மீறிச் செத்தவன் வாரிசுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

"இன்னாண்ணா, உம் மருமவ பாஸ் பண்ணிருவாளா?" என்று அங்கிருந்தே கேட்பாள்.

"ஒப்பிக்கிறதுல ஒரு கொறையும் இல்லம்மா."

"ஒப்பிச்சா மட்டும் மார்க் வராதாம். அதான் பேஜாரு."

அது உண்மை. பரீட்சையில் ஒரு வரியை மட்டும் கொடுப்பார்களாம். யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எந்த இடத்தில் சொன்னது, அதற்கு என்ன பொருள், ஏன் அப்படிச் சொன்னான். இத்தனையும் எழுத வேண்டும். இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்று அதற்குப் பேர். குழலி முதல் மூன்றையும் எழுதிவிடுவாள். நாலாவதைத் தட்டுத் தடுமாறி எழுதுவாள். 'ஏன்' என்ற இடத்தில்தான் நாலு தடவையும் விழுந்தாள்.

நாடகத்துக்குப் பேர் சொன்னாள், என் வாயில் நிற்கவில்லை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதாம். கதை இதுதான். ஒரு கோட்டை. அதன் வாசலுக்கு ஒரு காவலன். அவனுடைய கூட்டாளி வெளியே வேவு பார்க்கப் போயிருக்கிறான். பொழுது சாயும்போது தூரத்தில் தீவட்டி வெளிச்சம் தெரிகிறது. எதிரிதான் வருகிறான் என்று நினைத்துக் காவலன் கதவைச் சாத்திவிடுகிறான். வந்தது எதிரி இல்லை, கூட்டாளியும் அவன் ஆட்களும். கதவு திறப்பதற்குள் நிஜமான எதிரி பின்னாலேயே வந்து வாசலிலேயே அவர்களை வெட்டிப் போடுகிறான். மந்திரி காவலனிடம் வந்து, கூட்டாளி எதிரியோடு சேர்ந்துவிட்டான், அதனால்தான் சாத்தினேன் என்று ராஜாவிடம் சொல், என்கிறான். இவனும் சொல்கிறான். இவனுக்குத் தளபதி பதவி கிடைக்கிறது. செத்தவன் பொண்டாட்டியை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள். அதன் பிறகு காவலன் காதில் கதவு தட்டும் சத்தம் ஓயவே இல்லை. கடைசியில் ஒருநாள் தாங்க முடியாமல் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறான். அன்றைக்கு வெளியே நிற்பது எதிரிப் படை.

இதை அவள் கைடைப் பார்த்து எனக்குச் சொல்லி முடித்தபோது நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையால் வாங்கிக் குடித்தேன்.

"ஏன் மாமா அவன் பொய் சொன்னான்?" என்று அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டாள். "ராஜா நல்லவன். மொத சீன்லயே ஒருத்தன மன்னிச்சு உடுறான். தெரியாம சாத்திட்டேன்னு சொல்லிருந்தா இவனயும் உட்டுருப்பான். கைடுல பேராசைன்னு போட்டுக்கீது. அதான் நாலு தடவயும் எய்தினேன்."

"அப்ப அதான் போல."

"ஜஸீமா மிஸ் சிரிக்கிறாங்க. பேராச இருக்கிறவன் மந்திரி வர வரைக்கும் ஏன் அந்தப் பொணத்தாண்ட குந்திகினு இருக்கான், வரிய உள்ள போய்ப் பாருன்றாங்க. நான் போய்ப் பாத்துகினேதான் கீறேன். ஒண்ணும் தெர்ல."

ஜஸீமா என்பது ஞாயிறு மதியம் மூலக்கொத்தளத்தில் இவளைப் போன்றவர்களுக்குப் பாடம் நடத்தும் அம்மாள். நான் பார்த்ததில்லை. பார்க்காமலேயே அந்த அம்மாள் மேல் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஹார்பரில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்பல் வயிற்றுக்கு ஹேட்ச் என்று பேர். முப்பது நாற்பது அடி ஆழம். கிரேன்காரன் உயரத்தில் கூண்டுக்குள் இருப்பான். ஹேட்சுக்குள் நடப்பது அவனுக்குத் தெரியாது. விளிம்பில் ஒருத்தன் நிற்பான். அவன் கையைப் பார்த்துத்தான் கிரேன் ஏறும், இறங்கும், நிற்கும். கத்தினால் கேட்காது, காற்றும் எஞ்சினும் தின்றுவிடும். உள்ளங்கை கீழே பார்த்துத் தாழ்ந்தால் இறக்கு என்று அர்த்தம். முஷ்டி பிடித்தால் நில். பதினாறு வருஷம் அந்த விளிம்பில் நின்றவன் நான். அந்த வேலைக்கு ஒரே கட்டளைதான். வலது கை கிரேனுக்கு. மூக்கு அரித்தாலும், வேர்வை கண்ணில் இறங்கினாலும், பீடி பற்ற வைத்தாலும் இடது கை.

அன்றைக்கு இரும்புத் தகடு ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டு பாதி ஆழத்தில் நின்றது. நான்தான் முஷ்டி பிடித்து நிறுத்தியிருந்தேன். கீழே அடியில் போட்டிருந்த மரக்கட்டை நகர்ந்துவிட்டது, அதை நேராக்க அன்பரசன் போனான். மேலே நிற்பது நான் என்பதால் போனான். வேறு யாராவது நின்றிருந்தால் இரண்டு தடவை யோசித்திருப்பான். அந்த நேரத்தில் டீ வந்தது. டீக்காரர் எனக்கு வலது பக்கம், விளிம்பு மேட்டுக்குக் கீழே கப்பல் தளத்தில் நின்று கிளாசை நீட்டினார். கொதிக்கிற கிளாசை நாங்கள் எப்படி வாங்குவோம்? மேலிருந்து கிளாஸ் விளிம்பை விரல் நுனியால் கவ்வி வாங்குவோம். உள்ளங்கை கீழே பார்க்கும். கை தாழும்.

எந்தக் கை என்று நான் யோசிக்கவில்லை.

கிரேன்காரன் சுஹைப் கையைப் பார்த்தான், இறக்கினான். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அன்பரசன் மேலே நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னான். சத்தம் வரவில்லை. வாய் அசைந்ததை வைத்துச் சொல்கிறேன், 'இரு' என்றான்.

அவன் குடிக்கிறவன் இல்லை. என் கல்யாணத்திலேயே சோடா குடித்தவன்.

சூப்பர்வைசர் பாஸ்கர் மறுநாள் ஷெட்டுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனார். கம்பெனி பேர் வேண்டாம், அது மூடிப் பல வருஷமாகிறது. ஒரு அட்டையைக் கிழித்து ஐந்து வாக்கியம் எழுதிக் கொடுத்தார். "காலை பத்தரை மணிக்கு இரண்டாம் நம்பர் ஹேட்சில் வேலை நடந்தது. நான் நிறுத்தும்படி கை காட்டினேன். அன்பரசன் என் எச்சரிக்கையை மீறிக் கொக்கிக்கு அடியில் வந்தார். அவர் மேல் மது வாடை இருந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது." அங்கேயே நிறுத்தி வைத்து ஒப்பிக்கச் சொன்னார். 'எச்சரிக்கை' என்ற வார்த்தை எனக்கு வழுக்கியது. அதை மட்டும் தனியாகச் சொல்லவைத்தார். சுத்தமாக வரும்வரைக்கும் விடவில்லை. பிறகு அட்டையை வாங்கிக் கிழித்துப் போட்டார்.

விசாரணையில் அதை அப்படியே ஒப்பித்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். சுஹைபும் டீக்காரரும் நாங்கள் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். மூலையில் கன்னியம்மா ஐந்து வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மது வாடை என்றபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பரீட்சை நெருங்க நெருங்க வீட்டுக்குள் நிலைமை மோசமாயிற்று. அதுவரை பகலில் ஒரு நேரத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்த அன்பரசன், வரி கேட்ட பிறகு எல்லா நேரத்துக்கும் வர ஆரம்பித்தான். சாயந்திரம் குழலி ஒப்பிக்கும்போது ஸ்டூலுக்கு அடியில் இருந்தான். குளிக்கப் போனால் வாளிக்குள் இருந்தான். நாடகத்தில் ஒரு வரி, காவலன் தனியாகப் பேசுவது. "இறந்தவனுக்கு நாக்கு இல்லை என்று எவன் சொன்னான்? இத்தனை நாளும் என் நாக்கில்தானே அவன் பேசுகிறான்." அதை அவள் நாலு தடவை ஒப்பித்தாள். நாலு தடவையும் சரியாகச் சொன்னாள். நான் வேண்டுமென்றே தப்பு என்று சொன்னேன், அவள் அடுத்த வரிக்குப் போகட்டும் என்று. அவள் நோட்டை வாங்கிப் பார்த்து, "சரியாத்தானே கீது, கண்ணாடி போட்டுகினு பாரு மாமா" என்றாள்.

காவலனிடம் செத்தவன் பொண்டாட்டி பேசும் வரி ஒன்றும் இருந்தது. "ஊர் சொல்லிவிட்டது. நீ சொல், உன் வாயால்." அதைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. கன்னியம்மா ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டிருக்கிறாள். அவன் செத்து ஒரு வருஷம் கழித்து, திதி கொடுத்துவிட்டு வந்த அன்றைக்கு. "ண்ணா, உனுக்குத் தெரியாம இருக்காது. எப்போலேர்ந்து குடிச்சாரு? எங்கிட்ட ஏன் மறைச்சாரு?" நான் சொன்னது ஒரே வார்த்தை. "உடும்மா."

அந்த ஐந்து வாக்கியமும் பாஸ்கர் எழுதியது. இந்த ஒரு வார்த்தை நானே சொன்னது.

வியாழக்கிழமை குழலி லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டாள். சனிக்கிழமை பரீட்சை. கண் சிவந்து கிடந்தது.

"மாமா, எல்லா வரியும் வந்துட்ச்சு. ஏன்னுதான் வர்ல. அந்தக் கேள்வி கண்டிப்பா கேப்பான். பேராசை இல்ல, பயம்னு எய்தவா?"

"பயமும் இல்ல" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"மந்திரி வந்து சொன்னப்போ அவன் பொய் சொல்றோம்னு நெனச்சே சொல்லிருக்க மாட்டான். ஒருத்தன் குடுத்தத திருப்பி ஒப்பிச்சான், அவ்ளோதான். மனப்பாடமா வெச்சிகினு பேசறது நம்ப பேச்சு மாதிரியே இருக்காது. யாரோ பேசற மாதிரி இருக்கும். ஒப்பிக்க சொல்லோ அவன் நெனப்பெல்லாம் வார்த்த தப்பாம வரணுமேன்னுதான் இருந்திருக்கும். முடிச்சப்பொறம், யாராவது ஒருத்தன் 'நெஜமாவா?'ன்னு கேப்பான்னு காத்துகினு இருந்திருப்பான். கேட்டிருந்தா எல்லாத்தயும் கொட்டிருப்பான். ஒருத்தனும் கேக்கல. எய்திகினு போய்ட்டானுங்க."

குழலி வேகமாக எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"நல்லா கீது மாமா. ஆனா மனப்பாடம்னு நாடகத்துல இல்லியே. மந்திரி ஒரே தடவதான் சொல்றான்."

"ஒரு தடவ சொன்னா எப்டி வரும்? அந்த எச்சரிக்கைன்ற வார்த்தையே எனுக்கு..."

நிறுத்திக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதிரே கன்னியம்மா வீடு பூட்டியிருந்தது. இன்னும் வியாபாரத்திலிருந்து வரவில்லை.

"எந்த எச்சரிக்கை?" என்றாள் குழலி. "அம்மா பொட்டில ஒரு பேப்பர் கீது. எங்கப்பாவோட விசாரணை பேப்பர். 'என் எச்சரிக்கையை மீறி'ன்னு வரும். இஸ்கூல்ல எட்டாவது படிக்க சொல்லோ அத நான் மனப்பாடமாவே வெச்சிருந்தேன். அது உன் சாட்சி."

"ஆமா."

"யார் எய்தினது?"

"பாஸ்கர்."

"சொன்னது?"

"நான்."

"எங்க?"

"கம்பெனி ஆபீசுல. உங்கம்மா முன்னால. நீயும்தான் இருந்த."

"எங்கப்பா குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"கொக்கிக்கு அடில தானா வந்தாரா?"

"கட்டைய நேராக்க வந்தான். நான் நிறுத்தி வெச்சிருந்தேன். அப்பால டீ வந்துச்சு." கையை நீட்டிக் காட்டினேன். இத்தனை வருஷத்தில் அந்த அசைவை நான் முழுசாகச் செய்ததில்லை. "இப்டி வாங்கினேன். சுஹைப் எறக்கிட்டான்."

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை.

"ஏன் சொன்ன?"

"பயந்துட்டேன்மா."

"அதுவும் கைடு பதில் மாதிரிதான்" என்றாள்.

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

"ஒரு கிளாஸ் டீ குழலி. அதுக்குப் போயி செத்தான்னு எப்டி சொல்றது? அம்மாம் பெரிய ஆளு. ஆறடி. மூட்டைய ஒத்தக் கைல தூக்கிப் போடுவான். கிளாஸ் வாங்கற நேரத்துல போய்ட்டான்னு சொல்ல எனுக்கே ஒப்பல. குடிச்சிட்டு செத்தான்னா அதுல ஒரு காரணம் இருந்துச்சு. கேக்கறவனும் சரின்னு தலயாட்டினான். நானும் புட்ச்சிகினேன்."

அவள் எழுதவில்லை. நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு எங்கூட குந்த மாட்டேன்னு சொன்னா. குடிகாரன் பொண்ணு, எங்கம்மா திட்டும்னா. நான் வந்து உன்னாண்ட அழுதேன். நீ எனுக்கு பிஸ்கட்டு வாங்கிக் குடுத்த."

"ஞாபகம் கீது."

"ரெண்டு வாரமா இந்த நோட்டப் புட்ச்சிகினு, வரி தப்பு வரி தப்புன்னு எனுக்கே திருத்தின நீ."

எழுந்துகொண்டாள். வாசல் தாண்டியவள் திரும்பினாள். குரல் ஏறவே இல்லை.

"ரெண்டு நாள்தான் கீது. நான் படிக்கணும். அம்மா வந்ததும் நீயே போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

கன்னியம்மா பதினொன்றரைக்கு வந்தாள். கூடையை இறக்கிவைத்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் சந்தைக் கடந்து அவள் வாசலுக்குப் போனேன். நாலடிச் சந்து. எதிரெதிர் வீடு. முகம் பார்த்து நின்று பேசியதாக எனக்கு நினைவில்லை, இருவரும் அவரவர் வாசலிலிருந்தேதான் பேசுவோம்.

"இன்னாண்ணா, மொகம் இப்டி கீது? மாத்தர போட்டியா?"

சொன்னேன். ஒப்பித்தது போல வரவில்லை. டீயை முதலில் சொல்லிவிட்டு ஹேட்சைப் பின்னால் சொன்னேன். பாஸ்கரைச் சொல்ல மறந்து நடுவில் செருகினேன். அவள் ஈரக் கையைத் துடைக்காமலே நின்றாள். முடித்ததும் கேட்டாள்.

"அப்ப அவரு குடிக்கல."

"ஒரு சொட்டு கெடயாது. என்னிக்குமே கெடயாது."

"எங்கிட்ட எதயும் மறைக்கல."

"இல்லம்மா."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டுவாள், செருப்பால் அடிப்பாள், லைனையே கூட்டுவாள் என்று வருஷக் கணக்கில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "இருவத்தெட்டு வருசமா நான் அந்தாள திட்டிகினு இருந்தேனே" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. உள்ளே மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு, "நீ போ" என்றாள்.

சனிக்கிழமை காலை குழலி பரீட்சைக்குப் போனாள். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் தாண்டித்தான் போனாள். என்ன கேட்டார்கள், 'ஏன்' என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்பது எனக்குத் தெரியாது. இனிமேலும் அவள் வந்து சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாயந்திரம் திரும்பி வந்தபோது அவள் அம்மாவிடம், "எய்திட்டேம்மா, பக்கம் பத்தாம வேற பேப்பர் வாங்கினேன்" என்றது மட்டும் காதில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா வியாபாரத்துக்குப் போகவில்லை. குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"வா" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"எங்க?"

"வூடு வூடா. நீ அன்னிக்கு சொன்னத எல்லாரும் கேட்டாங்க இல்ல. இன்னிக்கி சொல்றதயும் கேக்கட்டும்."

சட்டை போட்டுக்கொண்டு போனேன். முதல் வீடு ரகுபதி வீடு. அவன் எங்களோடு ஹார்பரில் இருந்தவன். கன்னியம்மா கதவைத் தட்டினாள், அவன் வந்ததும் ஒதுங்கி நின்று, "சொல்லு" என்றாள். சொன்னேன். ரகுபதி பல் குச்சியை வாயிலிருந்து எடுத்தான், அப்படியே உள்ளே போய்விட்டான். அடுத்த வீட்டு அம்மாள், "இத்தினி வருசம் இங்கயே குந்திகினு எப்டிய்யா சோறு எறங்குச்சு உனுக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். "அது அப்பால. நீ சொல்ல வேண்டியத மொதல்ல சொல்லி முடி" என்றாள் கன்னியம்மா. ஒரு வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கவில்லை. அவள் உள்ளே போய் அதை நிறுத்திவிட்டு வந்து, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு வாசலிலும் அது வேறு வேறு வார்த்தையில் வந்தது. ஒரு இடத்தில் தண்ணீர் கேட்டு நிறுத்தினேன். அவள் தண்ணீர் வாங்கிக் கொடுக்கவில்லை. காத்திருந்தாள்.

கடைசி வீடு. போன மாதம்தான் குடிவந்தவர்கள். தெற்கத்திப் பக்கத்து ஆட்கள், மளிகைக் கடை வைக்க இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெஸ்வின் என்று ஒரு வாலிபன் கதவைத் திறந்தான். இடுப்பில் பெண் குழந்தை.

"இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "அவன அறியாதவங்க."

"அவங்களும் இந்த லைன்லதான் கீறாங்க. சொல்லு."

அந்தப் பையன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் ஆரம்பித்தேன். "அன்பரசன் குடிச்சிட்டு சாகல தம்பி. நான்தான்..."

"அன்பரசன்னா யாருங்கய்யா?" என்றான்.

நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி என்பதுபோல.

"ஹார்பர்ல எங்கூட வேல செஞ்சவன்" என்று சொல்லத் தொடங்கினேன். "ஆறடி இருப்பான். வியாசர்பாடிக்காரன். எனுக்கு தோஸ்து."